முள்ளுக்குள் ஒரு காடு: பழனிமலைச் சரிவில் புதர்க்காட்டை அறிந்து மீட்க முழுமையான வழிகாட்டி

வருவாய்க் கணக்கில் அதற்குத் ‘தரிசு’ என்று பெயர். ஊரில் கேட்டால் ‘கரடு’ என்பார்கள். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் போகும் பஸ் காமக்காபட்டியைத் தாண்டி மலையேறத் தொடங்கியதும் இருபுறமும் தெரிவது அதுதான். பங்குனியில் சாம்பல் பூத்துக் கிடக்கும். கார்த்திகையில் கண்ணைப் பறிக்கும் பச்சையாக நிற்கும். அதைக் காடு என்று ஒப்புக்கொள்ள ஆளில்லை. டம்டம் பாறையில் இறங்கித் தலையாறு அருவியைப் படமெடுப்பவர்களும் காலடியில் இருக்கும் காரைப் புதரைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

நானும் அப்படித்தான் இருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்களோடு சேர்ந்து அய்யம்பாளையம் பக்கம் மலையடியில் இரண்டு ஏக்கர் பட்டா நிலத்தைப் பசுமையாக்கக் கிளம்பினேன். பொக்லைன் வைத்து முட்புதரையெல்லாம் வழித்தெடுத்தோம். குழியெடுத்து 300 கன்றுகள் நட்டோம். ஆடிக் காற்றில் பாதி காய்ந்தன. மீதியை ஆடுகள் முடித்தன. அடுத்த மழைக்கு அந்த மண்ணில் தானாக முளைத்து வந்தவை உண்ணிச்செடியும் சீமைக்கருவேலும்தான். அவ்வழியே ஆடு ஓட்டிவந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, “முள்ளையெல்லாம் அழித்துவிட்டீர்களே தம்பி, இனி இந்தப் பிள்ளைகளை யார் காப்பார்கள்?” என்றார். நாங்கள் வழித்தெறிந்த புதர்களுக்குள்ளேயே மரக்கன்றுகள் இருந்திருக்கின்றன என்பது அப்போதுதான் புரிந்தது. அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

மலைச்சரிவில் சொந்த நிலம் வைத்திருப்பவர்களுக்கும், மாணவர்களை அழைத்துக்கொண்டு மலையடிக்குப் போகும் ஆசிரியர்களுக்கும், ‘மரம் நட வேண்டும்’ என்ற நல்லெண்ணத்தோடு மண்வெட்டியைத் தூக்கப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். மண்வெட்டியைக் கொஞ்சம் கீழே வையுங்கள். அதற்கு முன் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன.

முதல் படி: எந்த உயரத்தில் நிற்கிறீர்கள்?

பழனிமலை ஏறக்குறைய 2,000 சதுர கிலோமீட்டர் பரந்தது. உச்சியான வந்தரவு 2,533 மீட்டர். அடிவாரம் 300 மீட்டரை ஒட்டியது. இந்த ஏற்றத்துக்குள் நான்கு வகைக் காடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஏறத்தாழ 400, 500 மீட்டர் வரை முட்புதர்க்காடு. அதற்கு மேல் 1,000 மீட்டர் வரை வேங்கை, வெக்காலி, ஈட்டி, கடுக்காய் நிற்கும் இலையுதிர் மரக்காடு. அங்கிருந்து 1,600 வரை ஈரமான பசுமைக்காடு. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பியும் மலைவாழையும் நிற்பது இந்த அடுக்கில்தான். அதற்கும் மேலே சோலையும் புல்வெளியும். எல்லைகள் கோடு போட்டாற்போல் இருக்காது. ஓடைக்கரையில் மரக்காடு கீழே இறங்கி வரும்; பாறைமுகட்டில் முட்புதர் மேலே ஏறிப் போகும்.

மழைக்கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். திண்டுக்கல் சமவெளியில் ஆண்டுக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்கிறது. கொடைக்கானலில் அதைப்போல் இரு மடங்கு. தென்மேற்குப் பருவமழையை மேற்குச் சரிவு வாங்கிக்கொள்வதால் கிழக்கு அடிவாரத்துக்கு ஆனி, ஆடியில் வந்து சேர்வது பெரும்பாலும் காற்று மட்டுமே. ஐப்பசி, கார்த்திகை மழையே இந்தக் காட்டுக்குச் சோறு. ஏழெட்டு மாத வறட்சியைத் தாங்கத் தெரிந்த செடிதான் இங்கே பிழைக்கும். முள், சிற்றிலை, பால், தடித்த பட்டை எல்லாமே அதற்கான ஏற்பாடு.

இந்த வழிகாட்டி கீழ் இரண்டு அடுக்குகளுக்கு மட்டும். மேல்மலைச் சோலையின் கதை வேறு, வேலையும் வேறு.

இரண்டாம் படி: பிறவிப் புதரா, வெட்டுப்பட்ட காடா?

எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி இது. இதற்கு விடை தெரியாமல் செய்யும் எந்த வேலையும் கெடுதலில்தான் முடியும்.

ஒரு கடப்பாரையை எடுத்துக்கொள்ளுங்கள். மழை ஓய்ந்த வாரத்தில் நிலத்தின் பத்து இடங்களில் குத்திப் பாருங்கள். ஒரு சாண் இறங்குவதற்குள் பாறை தட்டுகிறதா? சுற்றிலும் சதுரக்கள்ளி, கிளுவை, பிரண்டை, கற்றாழை நிற்கின்றனவா? அப்படியானால் அது பிறவியிலேயே புதர்க்காடு. அங்கே எப்போதும் பெருமரம் நின்றதில்லை, நட்டாலும் நிற்காது. கிளுவையை அருகில் போய்ப் பாருங்கள். மேற்பட்டை காகிதம்போல் உரிந்து வரும். அதற்கடியில் பளபளக்கும் பச்சை. ஆண்டில் பல மாதங்கள் இலையே இல்லாமல் நிற்கும் மரம் அந்தப் பச்சைப் பட்டையைக் கொண்டே வெயிலில் உணவு தயாரித்துக்கொள்கிறது. அதைப் பட்ட மரம் என்று வெட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். இத்தகைய பாறைச் சரிவுகளை நம்பியே மஞ்சள்தொண்டைச் சின்னான் வாழ்கிறது. தென்னிந்தியக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத, அழியவாய்ப்புள்ள பறவை அது. இங்கே மரம் நடுவதென்பது அதன் வீட்டைக் கெடுப்பது. காவல் மட்டும் போதும்.

கடப்பாரை முழ ஆழத்துக்கு மேல் இறங்கினால் கதை வேறு. புதர்களை விலக்கி அடியைப் பாருங்கள். ஒரே வேரிலிருந்து ஐந்தாறு தண்டுகள் கொத்தாகக் கிளம்பியிருந்தால் அது ஒரு காலத்தில் மரமாக நின்று, விறகுக்கு வெட்டுப்பட்டு, துளிர்த்து, மறுபடி வெட்டுப்பட்டது. உசிலையில் இதை எளிதாகக் காணலாம். வெக்காலி, வேங்கை, வெப்பாலை அடிக்கட்டைகளும் கிடைக்கலாம். இது உட்கார்ந்துவிட்ட மரக்காடு. தடையை நீக்கினால் எழுந்துவிடும்.

பெரும்பாலான நிலங்களில் இரண்டும் கலந்தே கிடக்கும். ஒரு தாளில் படம் வரைந்து, பிறவிப் புதர் எந்தப் பக்கம், வெட்டுப்பட்ட காடு எந்தப் பக்கம் என்று பிரித்துக் குறித்துவையுங்கள்.

மூன்றாம் படி: கயிறு கட்டி ஓராண்டு பாருங்கள்

40 மீட்டர் தேங்காய்நார்க் கயிற்றில் பத்து மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டால் பத்துக்குப் பத்து சதுரம் ஒன்று அமையும். நிலத்தின் வெவ்வேறு பகுதிகளில் நான்கைந்து சதுரங்களைத் தேர்ந்து, மூலைகளில் கல் நட்டு அடையாளம் வையுங்கள். ஓராண்டில் நான்கு முறை போய்ப் பாருங்கள்: ஐப்பசி மழை தொடங்கி இரண்டு வாரம் கழித்து, தை மாதத்தில், பங்குனி இலையுதிர்வில், ஆடிக் காற்றில். என்ன செடி, எத்தனை, எது பூத்தது, எது காய்த்தது, எதை ஆடு கடித்திருக்கிறது என்பதை மட்டும் எழுதுங்கள்.

பெயர் தெரியாவிட்டால் முள்ளைப் பாருங்கள். கொக்கிபோல் வளைந்து சட்டையைப் பிடித்து இழுத்தால் சூரை. இணையிணையாக நேராக நீட்டினால் காரை. ஒரு கணுவில் நான்கு முள் இருந்தால் சங்கஞ்செடி. முள்ளே இல்லாமல், இலை பிசுபிசுவென ஒட்டினால் விராலி. விராலியும் ஆவாரையும் மட்டுமே கூட்டங்கூட்டமாக நின்றால், அவற்றின்மேல் ஆட்டுக்கு விருப்பம் குறைவு என்பதை நினைவில் கொள்ளுங்கள். மற்றதெல்லாம் தின்னப்பட்டு இவை மட்டும் மிஞ்சியிருக்கின்றன. சரிவின் நோயை அந்த இரண்டு செடிகளே சொல்லிவிடும். ஆனால் அவற்றையும் பிடுங்காதீர்கள். மண்ணைப் பிடித்து வைத்திருப்பவை அவைதாம். ஆவாரை இலையில் முட்டையிட வரும் கொன்னை வெள்ளையன் வண்ணத்துப்பூச்சிகளை மழை முடிந்த காலையில் ஒருமுறை பாருங்கள், பிடுங்க மனம் வராது.

இம்மலையின் பழங்குடியினரான பளியர் குடியிருப்பு அருகில் இருந்தால் அங்குள்ள பெரியவர்களை உடன் வரும்படி கேளுங்கள். அவர்களுடைய நாளுக்கு உரிய கூலியைக் கொடுத்துவிடுங்கள். செடியின் பெயரோடு, எது எந்த மாதத்தில் காய்க்கும், அதைத் தின்ன எது வரும் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லும் அறிவு அவர்களிடம் இருக்கிறது. ஓராண்டுப் பார்வை இல்லாமல் அதை வேறெங்கும் நீங்கள் பெற முடியாது.

நான்காம் படி: முள்ளைத் தூக்கிப் பாருங்கள்

ஒரு நீளமான கவைக்கோலை எடுத்துக்கொண்டு, இடுப்புயரச் சூரைப் புதர் ஒன்றின் அருகில் மண்டியிடுங்கள். கவையை அடிக்கிளையில் கொடுத்து மெல்லத் தூக்குங்கள். முதலில் தெரிவது இருட்டு. கண் பழகியதும், வெளியே கொதிக்கும் மண் அங்கே ஈரமாக, சருகு மூடிக் கறுப்பாக இருப்பது தெரியும். தொட்டால் குளிர்ச்சி. சருகுக்கு நடுவே விரல் நீளத்தில் ஒரு வெப்பாலைக் கன்று, அதன் பக்கத்தில் ஒரு வேம்பு, நான்கு இலை விட்ட களா, சில சமயம் ஒரு சந்தனம். இவற்றை யாரும் நடவில்லை. வெப்பாலை விதை பஞ்சுக்குடுமியோடு காற்றில் வந்து முள்ளில் சிக்கி விழுந்தது. மற்றவை சின்னானும் குக்குறுவானும் புதர்மேல் உட்கார்ந்து எச்சமிட்டபோது விழுந்தவை.

விதை விழுவது எங்கும் நடக்கும். பிழைப்பது இங்கே மட்டும். புதர் நிழல் தருகிறது, சருகால் ஈரம் காக்கிறது, முள்ளால் ஆட்டின் வாயைத் தடுக்கிறது. செவிலித்தாய் என்றே அந்தப் புதரைச் சொல்லலாம். சந்தனத்துக்கு இன்னும் ஒருபடி மேல்: அது பிற செடிகளின் வேரில் தன் வேரைப் பொருத்தி நீரும் சத்தும் உறிஞ்சி வாழும் மரம். தனியாகக் குழியெடுத்து நட்ட சந்தனக் கன்று சோர்ந்து போவதும், புதருக்குள் தானாக முளைத்தது செழிப்பதும் இதனால்தான்.

உங்கள் சதுரங்களில் உள்ள ஒவ்வொரு முட்புதரையும் இப்படித் தூக்கிப் பார்த்து உள்ளிருக்கும் கன்றுகளை எண்ணுங்கள். கைக்குத் தோலுறை போட்டுக்கொள்ளுங்கள். கோலால் முதலில் தட்டுங்கள், சுருட்டைவிரியன் படுத்திருக்கும் இடமும் இதுதான். பத்துப் புதருக்கு ஐந்தில் கன்று இருந்தாலும் நீங்கள் நட வேண்டிய தேவை ஏறக்குறைய இல்லை. ஒன்றிலும் இல்லையென்றால் விதை வந்துசேரவில்லை என்று பொருள். அக்கம்பக்கத்தில் தாய்மரம் இருக்கிறதா, பறவை உட்கார உயரமான கிளை இருக்கிறதா என்று பாருங்கள். பாறைமேல் மரநாய் எச்சம் கிடந்தால் கோலால் கிளறிப் பாருங்கள். விதை கொண்டுவரும் வேலையாள் வந்துபோகிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: தடை எதுவெனக் கண்டுபிடியுங்கள்

ஆடு, அரிவாள், தீ. இந்த மூன்றுக்கு வெளியே தடை இருப்பது அரிது.

ஆடு மேய்ப்பவரை எதிரியாக்கிக்கொள்ளாதீர்கள். வேலி போட்டுச் சண்டை வளர்த்த நிலங்களில் வேலிக்கம்பியும் மிஞ்சுவதில்லை. நிலத்தைப் பாதியாகப் பிரித்து, “அண்ணே, மூன்று வருடம் இந்தப் பாதியில் ஓட்டாதீர்கள், அந்தப் பாதி உங்களுக்கு” என்று பேசினால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். எல்லையில் கிளுவைப் போத்துகளை ஊன்றி உயிர்வேலி அமையுங்கள். கோடை மழைக்கு முன் ஊன்றினால் தானாக வேர்பிடிக்கும்.

தீக்கு மாசி பிறப்பதற்குள் ஏற்பாடு வேண்டும். நிலத்தைச் சுற்றி மூன்று மீட்டர் அகலத்துக்குக் காய்ந்த புல்லையும் சருகையும் வழித்து ஒதுக்குங்கள். வேரோடு கொத்த வேண்டாம், மேலே சீவினால் போதும். பாதையோரத்தில் இன்னும் அகலமாக.

ஆறாம் படி: உண்ணிச்செடி

இதை அகற்றுவதில்தான் அதிக உழைப்பு. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்ட அழகுக்காக இந்தியா வந்த செடி இது. இப்போது முதுமலையிலிருந்து பழனிமலை வரை காட்டடியை மூடிக்கிடக்கிறது. மாடு தின்றால் ஈரல் கெடும். அதனால் மேய்ச்சல் அதைக் குறைப்பதில்லை. பறவை அதன் கறுத்த பழத்தைத் தின்று எங்கும் விதைக்கிறது. கோடையில் தீப்பிடித்தால் தரைத்தீயை மரக்கிளை வரை ஏற்றிவிடுகிறது. நம் முட்புதர் செய்யும் செவிலி வேலையை இது செய்யாது. அடர்ந்து மூடி, அடியில் விழுந்த கன்றை வெளிச்சமின்றிச் சாகடிக்கும்.

அரிவாளால் வெட்டினால் முன்னிலும் அடர்த்தியாகத் துளிர்க்கும். இயந்திரத்தால் வழித்தால் மண் புரண்டு உறங்கும் விதையெல்லாம் விழித்துக்கொள்ளும். என் இரண்டு ஏக்கரில் நடந்தது அதுதான். சரியான முறையை டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சி. ஆர். பாபுவும் அவருடைய குழுவும் வகுத்தார்கள். செடியின் அடித்தூரைக் கண்டுபிடித்து, மண்ணுக்குக் கீழே 3 முதல் 5 சென்டிமீட்டரில் முதன்மை வேரை ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். துளிர்க்கும் மொட்டுகள் எல்லாம் அந்த வெட்டுக்கு மேலேயே இருப்பதால் மண்ணில் மிஞ்சும் வேர் துளிர்க்காது. வெட்டிய செடியை அங்கேயே தலைகீழாகக் கவிழ்த்து, வேர்முனை வானம் பார்க்க வையுங்கள். கிளை மண்ணைத் தொட்டால் மறுபடி வேர்விடும். கவிழ்த்து வைத்தால் காய்ந்துவிடும்.

இதற்கு நல்ல நேரம் முதல் மழை மண்ணை இளக்கிய வாரங்கள். பழம் முதிர்ந்திருந்தால் முதலில் அதைப் பறித்துச் சாக்கில் கட்டிவிடுங்கள். குறுகலான அலகுள்ள களைக்கொத்து இருந்தால் வேலை சுலபம். மண்வெட்டி வேண்டாம், தேவைக்கு மேல் மண் புரளும்.

முழு நிலத்தையும் ஒரே மூச்சில் வெட்டாதீர்கள். அரை ஏக்கரை முடித்து, அதில் புல்லும் உள்ளூர்ப் புதரும் தலைகாட்டிய பின் அடுத்த அரை ஏக்கர். தவிட்டுக்குருவியும் கௌதாரியும் இப்போது ஒளிவதற்கு அந்த உண்ணிப்புதரையே நம்பியிருக்கலாம். மாற்று இடம் வளரும் வரை சில திட்டுகளை விட்டுவையுங்கள். வெட்டிய இடத்துக்கு அடுத்த மூன்று மழைக்கும் திரும்பி வந்து, பெரிய மரங்களின் அடியில் முளைத்திருக்கும் உண்ணி நாற்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும். பறவை உட்காருமிடத்தில்தான் அவை அதிகம். இந்தத் திரும்பிவரும் வேலையை விட்டுவிட்டால் வெட்டியது வீண்.

காய்ந்த தண்டுகளைக் கொளுத்தாதீர்கள். கூடை, நாற்காலி செய்ய எடுத்துக்கொள்வார்கள். கூடலூர்ப் பக்கம் பழங்குடிக் கைவினைஞர்கள் உண்ணித்தண்டுகளைக் கொண்டே முழு உருவ யானைகளைச் செய்து லண்டன் வரை அனுப்பியிருக்கிறார்கள்.

சட்டத்தையும் பாருங்கள். அயல் களைச்செடிகளை அகற்றித் தாவரச்சூழலை மீட்பதற்கென்றே தமிழ்நாடு அரசு 2022இல் கொள்கை வெளியிட்டிருக்கிறது. ஆனால் காப்புக்காட்டிலும், 2013இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயத்திலும் வனத்துறை அனுமதியின்றி ஒரு செடியையும் தொடக் கூடாது. மலைப்பகுதியாக அறிவிக்கப்பட்ட ஊர்களில் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப்பாதுகாப்புச் சட்டப்படி சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி வேண்டும்.

ஏழாம் படி: அடிக்கட்டையை மரமாக்குங்கள்

இரண்டாம் படியில் குறித்துவைத்த கொத்துத் தண்டுகளுக்கு இப்போது வாருங்கள். தையில், ஒவ்வொரு கொத்திலும் நேராகவும் தடிப்பாகவும் உள்ள இரண்டு தண்டுகளை விட்டு மற்றவற்றைக் கூரிய அரிவாளால் அடியோடு எடுங்கள். வெட்டிய முட்கிளைகளை அந்தத் தூரைச் சுற்றியே அடுக்கினால் ஆட்டுக்கு வேலி. பழைய வேர் ஆழத்தில் நீர் தேடி வைத்திருப்பதால் இந்தத் தண்டுகள் எந்த நாற்றங்கால் கன்றையும் விட வேகமாக வளரும். ஒரு வாளித் தண்ணீர்கூட ஊற்ற வேண்டியதில்லை.

எட்டாம் படி: நீருக்குச் சின்ன வேலை போதும்

மழை பெய்யும்போது குடையோடு போய், நீர் எங்கே ஓடி மண்ணை அரிக்கிறது என்று பாருங்கள். அந்தச் சிற்றோடைகளில் முழங்கால் உயரத்துக்குக் கல்லடுக்கித் தடுப்பு வையுங்கள். சரிவுக்குக் குறுக்கே வெட்டிய கிளைகளை வரிசையாகக் கிடத்துங்கள். ஆழமான அகழி வேண்டாம்.

ஒன்பதாம் படி: நட்டே ஆக வேண்டுமென்றால்

மண் ஆழமாக இருந்து, புதருக்குள் கன்றே இல்லாத இடத்தில் மட்டும் நடுங்கள். விதையை அதே சரிவிலிருந்து எடுங்கள். சாலையோர நாற்றங்காலில் கிடைப்பதெல்லாம் இந்த மண்ணுக்கு உரியவை அல்ல. உசிலை, வெப்பாலை, வேங்கை, நெல்லி, இலந்தை நம்பகமானவை. ஆவாரை விதைக்கு ஓடு கெட்டி. கொதிக்கவைத்து இறக்கிய நீரை ஊற்றி ஓரிரவு ஊறவிடுங்கள். புரட்டாசி முடிவில், திறந்த வெளியில் அல்லாமல் முட்புதரின் ஓரத்தில், கடப்பாரையால் சிறு துளையிட்டு இரண்டு மூன்று விதையாக ஊன்றுங்கள். ஓடைக்கரையாக இருந்தால் மருதும் நாவலும் வைக்கலாம். அங்கே கிளைகள் ஒன்றோடொன்று தொட்டு வளர்ந்தால் நரை மலையணில் தரையிறங்காமல் போய்வரும். பழனிமலை அதன் சில வாழிடங்களுள் ஒன்று.

தைலமரம், சவுக்கு, சீமைக்கருவேல் எதுவும் வேண்டாம், யார் இலவசமாகக் கொடுத்தாலும்.

பத்தாம் படி: எண்ணிக்கொண்டே இருங்கள்

அதே கயிறு, அதே சதுரம், ஆண்டுக்கு ஒருமுறை, தை மாதத்தில். முழங்காலுக்கு மேல் வளர்ந்த மரக்கன்று எத்தனை, உண்ணி நாற்று எத்தனை, தவிட்டுக்குருவிக் கூட்டம் வந்ததா என்ற மூன்று வரிகள் போதும். முதலிரண்டு ஆண்டுகளில் பெரிய மாற்றம் தெரியாது. மூன்றாம் ஆண்டில் சூரைக்குள்ளிருந்து ஒரு வெப்பாலையின் நுனி மேலே எட்டிப் பார்க்கும். பிறகு அது கிளை விரித்து நிழல் அடிக்க அடிக்க, வெயிலையே விரும்பும் சூரை மெல்ல மெலிந்து, ஒரு கோடையில் காய்ந்துபோகும். அந்தக் காய்ந்த முள்ளை விறகுக்கு இழுக்காதீர்கள். அரணை அதற்கடியில்தான் ஒண்டும், அதன் சருகுக்குள் அடுத்த கன்று ஏற்கெனவே இரண்டு இலை விட்டிருக்கும்.